குழந்தையின் கால் வளைவு, காலை வெயில், வைட்டமின் டி: ஒரு தாயின் கேள்விகளுக்குப் பதில்

இரண்டு வயதும் மூன்று மாதமும் ஆன உங்கள் மகனின் கால்கள் முழங்காலுக்குக் கீழே சற்று வெளிப்புறமாக வளைந்திருக்கின்றன. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வாராவாரம் கொடுக்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி பொடியை நீங்களும் மருந்துக் கடையில் வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். பிறந்ததிலிருந்து காலை ஏழு மணி இளவெயிலில் குழந்தையைக் கிடத்தி எண்ணெய் தேய்த்துவிட்ட உங்கள் மாமியார், அந்த வெயிலே போதும் என்கிறார். இந்த வைட்டமினைக் கொடுத்தால் பிள்ளை நன்றாக உயர்வானா என்பதையும் அறிய விரும்புகிறீர்கள்.

முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் ஒருவர் குழந்தையைப் பார்த்து எழுதிக் கொடுக்காமல் அந்தப் பொடியை வாங்காதீர்கள். உங்கள் மகனின் கால் வளைவு இந்த வயதில் பெரும்பாலும் இயல்பானதாகவே இருக்கும். ஆனாலும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வர வேண்டும் என்பதையும், வைட்டமின் டி குழந்தையின் உடலில் உண்மையில் எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதையும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியாததால்தான் ஒருபுறம் தேவையான குழந்தைகளுக்கு இது கிடைக்காமலும், மறுபுறம் தேவையில்லாத குழந்தைகளுக்கு ஆபத்தான அளவில் கொடுக்கப்பட்டும் வருகிறது.

வைட்டமின் என்று பெயர் இருந்தாலும் இது உடலில் நடந்துகொள்வது ஹார்மோனைப் போலத்தான். தோலில் இருக்கும் ஒரு கொழுப்புப் பொருளின்மீது சூரிய ஒளியிலுள்ள புற ஊதா ‘பி’ கதிர் படும்போது வைட்டமின் டி3 உருவாகிறது. அது கல்லீரலுக்குச் சென்று ஒரு மாற்றத்தையும், பிறகு சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றத்தையும் அடைந்த பின்னரே வேலை செய்யும் வடிவமான கால்சிட்ரியால் ஆகிறது. ஆய்வகத்தில் ரத்தம் எடுத்து அளப்பது கல்லீரலில் உருவாகும் இடைநிலை வடிவத்தை. உடலின் கையிருப்பைக் காட்டுவது அதுதான். கால்சிட்ரியாலின் தலையாய வேலை குடலில் நடக்கிறது. நாம் உண்ணும் கால்சியத்தில் வைட்டமின் டி இல்லாத நிலையில் 10 முதல் 15 சதவீதம் மட்டுமே உடலில் சேர்கிறது. அது போதுமான அளவு இருக்கும்போது 30 முதல் 40 சதவீதம் வரை சேர்கிறது. பாஸ்பரஸ் உறிஞ்சப்படுவதும் கூடுகிறது.

எலும்பைப் பொறுத்தவரை இந்தக் குடல் வேலைதான் ஏறத்தாழ எல்லாமும் என்பதற்கு வலுவான சான்று ஒன்று உண்டு. வைட்டமின் டியை ஏற்கும் ஏற்பியே பிறவியில் பழுதாக அமைந்த குழந்தைகள் மிக அரிதாக இருக்கிறார்கள். எவ்வளவு வைட்டமின் டி கொடுத்தாலும் அவர்களுடைய குடல் அதைப் பயன்படுத்த முடியாது; எலும்புகள் மென்மையாகி வளைந்துவிடும். அந்தக் குழந்தைகளுக்குக் குடலைத் தவிர்த்து, மாதக்கணக்கில் ரத்தக்குழாய் வழியாக நேரடியாகக் கால்சியம் செலுத்தியபோது எலும்புகள் குணமாயின. வைட்டமின் டி எலும்புக்கு வேண்டிய சரக்கை உள்ளே கொண்டுவந்து சேர்க்கிறது. எலும்பு கட்டப்படுவது அந்தச் சரக்கால், அதாவது கால்சியத்தாலும் பாஸ்பேட்டாலும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போகும் பலவும் எளிதில் விளங்கும்.

குழந்தையின் எலும்பு நீளமாவது அதன் முனைகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டில். அங்கே குருத்தெலும்புச் செல்கள் பெருகி, காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் வரிசையாக நின்று, பருத்து, பிறகு மடிகின்றன; அவை விட்டுச்செல்லும் சட்டகத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து புதிய எலும்பு உருவாகிறது. ரத்தத்தில் கால்சியம் குறையும்போது கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொண்டு, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்துக்குக் கொடுக்கின்றன. அதே சமயம் சிறுநீர் வழியாகப் பாஸ்பேட்டை வெளியேற்றிவிடுகின்றன. பாஸ்பேட் குறைந்தால் பருத்த செல்கள் மடிய வேண்டிய நேரத்தில் மடிவதில்லை. அவை அங்கேயே குவிந்து, இறுகாத குருத்தெலும்பு அகலமாகப் புடைக்கிறது. இப்படி எலும்பு இறுகாமல் மென்மையாகிவிடும் ரிக்கெட்ஸ் நோயில் மணிக்கட்டு தடித்துத் தெரிவதற்கும், விலா எலும்புகள் நெஞ்சின் முன்புறம் சேருமிடத்தில் மணி கோத்தாற்போல் முடிச்சுகள் தோன்றுவதற்கும் காரணம் இதுவே. எழுந்து நிற்கத் தொடங்கிய குழந்தையின் உடல் பாரத்தை அந்த மென்மையான எலும்பு தாங்க முடியாமல் கால்கள் வளைகின்றன.

எலும்புக்கு வெளியிலும் விளைவுகள் உண்டு. அவற்றுள் சில உயிருக்கே ஆபத்தானவை. வேகமாக வளரும் கைக்குழந்தைக்குக் கால்சியம் மிகவும் குறைந்துவிட்டால், கால் வளைவு என்ற அடையாளமே தோன்றுவதற்கு முன் காய்ச்சல் ஏதுமின்றி வலிப்பு வரலாம். இதயத் தசை தளர்ந்து மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளும் உண்டு; காரணம் கண்டறியப்பட்டுக் கால்சியமும் வைட்டமின் டியும் கொடுக்கப்பட்டால் அந்த இதயம் மீண்டுவிடக்கூடும். தசைகள் தளர்வதால் தலை நிற்பதும் உட்காருவதும் நடப்பதும் தாமதமாகும். ஒரு வயதைக் கடந்தும் பல் முளைக்காமல் இருப்பது, உச்சிக்குழி ஒன்றரை வயதைத் தாண்டியும் மூடாமல் அகலமாக இருப்பது ஆகியவையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்திகள். ஆனால் பல் தாமதத்துக்குப் பரம்பரை உட்பட வேறு காரணங்கள் நிறைய இருப்பதால், அது ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

கால்சியத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வைட்டமின் டியைப் பற்றிக் கவலைப்படும் வீடுகளில்கூட இதை யாரும் கேட்பதில்லை. நைஜீரியாவில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அங்கும் ரிக்கெட்ஸ் உள்ள குழந்தைகள் ஏராளம். 1999இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு ஒன்றில் அத்தகைய குழந்தைகளுக்குக் கால்சியம் மட்டும், வைட்டமின் டி மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்று விதமாகச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் டி மட்டும் பெற்றவர்களைவிடக் கால்சியம் பெற்றவர்கள் தெளிவாகத் தேறினார்கள். அவர்களுடைய அன்றாட உணவில் கிடைத்த கால்சியம் சுமார் 200 மில்லிகிராம்தான். சரக்கே இல்லாதபோது அதைச் சுமந்து வரும் ஆளை மட்டும் பெருக்கி என்ன பயன்?

இந்தியக் குழந்தைகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020இல் பரிந்துரைத்த அளவுப்படி ஒன்று முதல் மூன்று வயதுவரை நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 13 முதல் 15 வயதில் அது 1,000 மில்லிகிராமாக உயர்கிறது. ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி பசும்பாலில் சுமார் 240 மில்லிகிராம் கிடைக்கும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. வேறெந்தத் தானியமும் இதன் அருகில் வர முடியாது. கேழ்வரகில் உள்ள ஃபைடேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பது உண்மையே. ஊறவைத்து முளைகட்டி, காயவைத்து அரைக்கும் பழைய வழக்கம் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. முளைகட்டிய கேழ்வரகுக் கூழ், தயிர்சாதம், எள்ளுருண்டை, முள்ளோடு மெல்லக்கூடிய நெத்திலி, முருங்கைக்கீரை ஆகியவை இருக்கும் வீட்டில் கால்சிய மாத்திரையைத் தேட வேண்டியதில்லை. அரிசிச் சோறும் ரசமும் பிஸ்கட்டும் மட்டுமே உண்ணும் குழந்தையைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

இனி உங்கள் மகனின் கால்கள். எல்லாக் குழந்தைகளும் கருப்பையில் மடங்கிக் கிடந்த நிலையினால் சற்று வளைந்த கால்களோடுதான் பிறக்கின்றன. நடக்கத் தொடங்கும்போது அந்த வளைவு நம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வயதை ஒட்டி அது நேராகி, பிறகு மூன்று, நான்கு வயதில் எதிர்த்திசைக்குப் போய் முட்டிகள் ஒன்றையொன்று இடிப்பதுபோல் தோன்றும். ஏழு, எட்டு வயதுக்குள் பெரியவர்களின் கால் வடிவத்துக்கு வந்துவிடும். இந்த ஊசலாட்டத்தின் எந்தக் கட்டத்தில் பார்த்தாலும் பெற்றோருக்கு அச்சம் வருவது இயற்கை. அந்த அச்சத்தில் கொடுக்கப்படும் எந்த மருந்தும், கால் தானாக நேரானதும், தானே நேராக்கியதாகப் பெயர் வாங்கிக்கொள்கிறது.

கவலைப்பட வேண்டிய வளைவுக்கு அடையாளங்கள் வேறு. குழந்தையின் கணுக்கால்கள் இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும்படி நிற்க வைத்தால் முழங்கால்களுக்கு இடையே ஆறு சென்டிமீட்டருக்கும் அதிகமான இடைவெளி இருப்பது, ஒரு கால் மட்டும் வளைந்திருப்பது, இரண்டு வயதுக்குப் பிறகு குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போவது, வயதுக்குரிய உயரம் இல்லாதிருப்பது, மணிக்கட்டு தடித்திருப்பது, குழந்தை நடக்க மறுப்பது அல்லது வாத்துபோல் அசைந்து நடப்பது ஆகிய இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே தேவைப்படும். ரிக்கெட்ஸ் உள்ள எலும்பின் முனை, கூர்மையான கோடாக இருக்க வேண்டியது, கிண்ணம்போல் குழிந்தும் ஓரம் சிதைந்தும் தெரியும். ரத்தத்தில் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி உயர்ந்திருக்கும். வேறு ஒரு செய்தியும் முக்கியம். சிறுநீரில் பாஸ்பேட் வீணாகிப் போகும் பரம்பரை நோய்களிலும், சிறுநீரகக் குழாய்களின் சில கோளாறுகளிலும் கால்கள் இதேபோல்தான் வளையும். அவற்றுக்கு வழக்கமான வைட்டமின் டி பயன்படாது. எனவே எந்தப் பரிசோதனையும் இல்லாமல் பொடியைக் கொடுத்துக்கொண்டிருப்பது, அத்தகைய குழந்தைக்குச் சரியான சிகிச்சை கிடைப்பதை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுவிடும்.

மாமியாரின் வெயிலுக்கு வருவோம். வெயிலுக்கும் எலும்புக்கும் உள்ள உறவு மருத்துவத்துக்குப் பிடிபட நீண்ட காலம் ஆயிற்று. தொழிற்சாலைப் புகை மூடிய ஐரோப்பிய நகரங்களில் ரிக்கெட்ஸ் பெருவாரியாக இருந்த காலத்தில், ஜப்பானில் பணியாற்றிவிட்டு இங்கிலாந்து திரும்பிய தியோபால்ட் பாம் என்ற மருத்துவர், கீழை நாடுகளில் வறுமை மிகுந்திருந்தும் இந்நோய் அரிதாக இருப்பதைக் கவனித்து, வெயில் இல்லாமையே காரணம் என்று 1890இல் எழுதினார். 1919இல் பெர்லினில் குர்ட் ஹல்ட்ஷின்ஸ்கி, நோயுற்ற குழந்தைகளின்மீது பாதரச விளக்கின் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினார். ஒரு கையில் மட்டும் ஒளி பட்டபோது, படாத மற்றொரு கையின் எலும்பும் குணமானது எக்ஸ்ரேயில் தெரிந்தது. தோலில் உருவாகும் ஏதோ ஒரு பொருள் ரத்தத்தில் பயணம் செய்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அதே ஆண்டில் எட்வர்ட் மெலன்பி நாய்க்குட்டிகளிடம் மீன் எண்ணெயின் பயனைக் காட்டினார். 1922இல் எல்மர் மெக்கலம் அந்த எண்ணெயிலிருந்த, வைட்டமின் ஏ அல்லாத பொருளுக்கு வைட்டமின் டி என்று பெயரிட்டார். அதே 1922இல் நம் நாட்டின் நாசிக் பகுதியைப் பற்றி ஓர் ஆய்வு வெளிவந்தது. நல்ல உணவு கிடைத்தும் வீட்டுக்குள்ளேயே இருந்த வசதியான குடும்பங்களின் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ரிக்கெட்ஸ் இருந்தது. அரைவயிற்றுக் கஞ்சியோடு வெயிலில் திரிந்த ஏழைக் குழந்தைகளுக்கு அது இல்லை.

இப்படிப்பட்ட வரலாற்றைப் பார்த்தால் உங்கள் மாமியாரின் உள்ளுணர்வு சரியானதே. ஆனால் நேரம் சரியில்லை. சூரியன் அடிவானத்துக்கு அருகில் இருக்கும்போது கதிர்கள் வளிமண்டலத்தின் நீண்ட தூரத்தைக் கடந்து வருவதால், வைட்டமின் டியை உருவாக்கும் புற ஊதா ‘பி’ கதிர்களை ஓசோன் படலம் வடிகட்டிவிடுகிறது. இதமான காலை ஏழு மணி வெயிலில் வெளிச்சமும் வெதுவெதுப்பும் உண்டு. அந்தக் கதிர் ஏறத்தாழ இல்லை. நமக்கு அருகிலுள்ள திருப்பதியில், தோலில் இருக்கும் அந்த மூலப்பொருளைக் கண்ணாடிக் குப்பியில் வைத்து ஒவ்வொரு மணி நேரத்திலும் வெயிலில் காட்டிப் பார்த்த ஆய்வில், ஆண்டு முழுவதும் முற்பகல் 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில்தான் மாற்றம் உச்சத்தில் இருந்தது. கடிகாரம் இல்லாமலே இதை அறிய ஒரு வழி உண்டு: நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அந்த வெயிலில் வைட்டமின் டி உருவாகும், நீளமாக இருந்தால் உருவாவது மிகக் குறைவு. ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால், கண்ணாடிக்குப் பின்னால் விழும் வெயிலால் இந்தப் பயன் கிடைக்காது. எண்ணெய்க்கும் இதில் பங்கில்லை. எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதன் நன்மை தொடுதலின் நன்மை, அதை நிறுத்த வேண்டியதில்லை.

அப்படியென்றால் கைக்குழந்தையை நண்பகல் வெயிலில் கிடத்த வேண்டுமா என்று கேட்டால், கூடாது என்றே சொல்வேன். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் தோல் எளிதில் புண்படும். நம் ஊர் வெயிலில் உடல்நீரும் வற்றிவிடும். அந்த வயதுக்குச் சொட்டு மருந்தே பாதுகாப்பான வழி. நடந்து ஓடும் பிள்ளை, கையும் காலும் திறந்திருக்க, வாரத்தில் சில நாட்களாவது காலை பத்து மணிக்கு மேல் அரை மணி நேரம் வெளியே விளையாடினால் நல்லது. நம்முடைய கருமைத் தோலில் உள்ள மெலனின் இந்தக் கதிரை உறிஞ்சிவிடுவதால் வெள்ளைத் தோலினரைவிட நமக்குக் கூடுதல் நேரம் வேண்டும். தோல் எளிதில் எரிந்து போகாமல் காப்பதும் அதே மெலனின்தான். வெயிலால் வைட்டமின் டி அளவுக்கு மீறிப் போய்விடாது, ஏனெனில் மிகுதியாக உருவாவதைத் தோலே வேறு பயனற்ற பொருள்களாக மாற்றிவிடுகிறது. வாய்வழி மருந்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

வெயில் கொட்டும் நாட்டில் எப்படிக் குறைபாடு வரும் என்ற கேள்விக்கு விடை நம் பிள்ளைகளின் ஒரு நாளிலேயே இருக்கிறது. பயன்தரும் வெயில் அடிக்கும் நேரத்தில் அவர்கள் வகுப்பறைக்குள் இருக்கிறார்கள். பிறகு டியூஷன், அதன்பின் அடுக்குமாடி வீட்டின் அறை. 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய அளவிலான ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், ஒரு மில்லி ரத்தத்தில் 12 நானோகிராமுக்கும் குறைவு என்ற கடுமையான அளவுகோலை வைத்தே, ஒன்று முதல் நான்கு வயதினரில் 14 சதவீதமும், ஐந்து முதல் ஒன்பது வயதினரில் 18 சதவீதமும், 10 முதல் 19 வயதினரில் 24 சதவீதமும் குறைபாட்டோடு இருந்தார்கள். வயது கூடக் கூட எண்ணிக்கை ஏறுவதைப் பாருங்கள். பள்ளிக்கூடத்துக்குள் போகப் போக வெயில் விலகுகிறது. டொரொண்டோ, லண்டன், ஒஸ்லோ போன்ற ஊர்களில் வாழும் நம்மவர்களுக்கு இது இன்னும் கூர்மையான சிக்கல். அங்கே குளிர்கால மாதங்களில் எந்த நேரத்தில் வெளியே நின்றாலும் போதிய கதிர் கிடைக்காது. கருமைத் தோலும் சேரும்போது சொட்டு மருந்தைத் தவிர்க்கவே முடியாது.

உங்கள் மகன் முதல் வயதைக் கடந்துவிட்டான்; ஆயினும் இன்னொரு குழந்தை பிறக்கக்கூடும் என்பதால் இதைச் சேர்த்தே சொல்கிறேன். பிறக்கும் குழந்தையின் கையிருப்பு முழுவதும் தாயிடமிருந்து வந்தது. தாய்க்குக் குறைவென்றால் குழந்தை குறைவோடுதான் பிறக்கும். தாய்ப்பாலுக்கு நிகர் எதுவும் இல்லை, ஆனால் வைட்டமின் டி மட்டும் அதில் மிகக் குறைவு. ஒரு லிட்டரில் பொதுவாக 80 யூனிட்கூட இருக்காது. குழந்தைக்கு வேண்டியதோ நாளொன்றுக்கு 400 யூனிட். இதைத் தாய்ப்பாலின் குறையாக எண்ணிப் பால்பொடிக்கு மாறுவது பெருந்தவறு. பிறந்த சில நாட்களிலிருந்து ஒரு வயதுவரை தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுத்தால் அந்த இடைவெளி நிரம்பிவிடும். குழந்தைகளின் எலும்பு நலத்தில் இதைவிட மலிவான, இதைவிட உறுதியான பலன் தரும் செயல் வேறு எதுவும் எனக்குத் தெரியாது. வாங்கும்போது புட்டியின் மேலுள்ள எழுத்தைப் படியுங்கள். ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ள மருந்தும், 800 யூனிட் உள்ள மருந்தும் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன. முன்பு வாங்கியதில் ஒரு மில்லி கொடுத்த பழக்கத்தில் புதியதிலும் ஒரு மில்லி கொடுத்தால் அளவு இரட்டிப்பாகிவிடும். அந்தப் புட்டியோடு வரும், மருந்தை அளந்து எடுக்கும் ஃபில்லரை மட்டுமே பயன்படுத்துங்கள்.

ஒரு வயதுக்கு மேல் தேவை நாளொன்றுக்கு 600 யூனிட். உணவால் மட்டும் இதை எட்டுவது நம் சமையலில் கடினம். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மிகுந்த மீன்களில் நல்ல அளவு உண்டு. ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் 40 யூனிட் அளவுக்குத்தான் இருக்கும். பாலில் இயற்கையாக மிகக் குறைவு. நீலச் சதுரத்தில் ‘+எஃப்’ என்று அச்சிட்ட, ஊட்டமேற்றிய பாலில் ஒரு லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட் சேர்க்கப்படுகிறது. சைவக் குடும்பத்துக் குழந்தைக்கு வெயிலும் இந்தப் பாலும்தான் முதன்மையான வழிகள்.

உயரத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு நேர்மையான விடை: குறைபாட்டால் வளர்ச்சி தடைப்பட்டிருந்தால் அந்தத் தடை நீங்கும், குறைபாடு இல்லாத குழந்தையை இது கூடுதலாக உயர்த்தாது. டெல்லியில் எடை குறைவாகப் பிறந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் வாரந்தோறும் 1,400 யூனிட் பெற்ற குழந்தைகளின் எடையும் நீளமும் சற்றே மேம்பட்டன. ஆனால் நோயுற்று மருத்துவமனையில் சேர்வதோ இறப்போ குறையவில்லை. டாக்காவில் 1,300 கர்ப்பிணிகளுக்கு வைட்டமின் டி கொடுத்துப் பார்த்த ஆய்வில், பிறந்த குழந்தைகள் ஒரு வயதில் கூடுதலாக வளர்ந்திருக்கவில்லை. மங்கோலியாவில் குறைபாடு மிகப் பரவலாக இருக்கும் இடத்தில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று ஆண்டுகள் வாரந்தோறும் 14,000 யூனிட் கொடுத்தார்கள். ரத்தத்தில் அளவு நன்றாக ஏறியது. உயரம் கூடவில்லை, காசநோய்த் தொற்றும் குறையவில்லை. ‘உயரத்துக்கு’ என்றும் ‘எதிர்ப்புச் சக்திக்கு’ என்றும் சொல்லி விற்கப்படும் பொடிகளைப் பற்றி இந்த ஆய்வுகளை அறிந்த எவரும் மௌனமாக இருக்க முடியாது. உயரத்தைத் தீர்மானிப்பவை பரம்பரை, முதல் இரண்டு ஆண்டுகளின் முழுமையான உணவு, அடிக்கடி வயிற்றுப்போக்கு வராமை, தூக்கம், ஹார்மோன்கள் ஆகியவை.

அந்த 60,000 யூனிட் பொடிக்கு வருகிறேன். 600 யூனிட் வேண்டிய குழந்தைக்கு அது நூறு நாள் தேவை. வாரம் ஒருமுறை என்று மருத்துவர் எழுதியதைத் தினமும் ஒன்று என்று புரிந்துகொண்டு கொடுத்துவிடுவதும், நான்கு வாரத்துக்கு எழுதியதை நான்கு மாதம் தொடர்வதும், ஒரு குழந்தைக்கு எழுதிய சீட்டைக் காட்டி மற்றொரு குழந்தைக்கு வாங்குவதும் நடக்கின்றன. பல் முளைக்கவில்லை, நடக்கவில்லை என்பதற்காக 6 லட்சம் யூனிட் ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்ட வழக்கமும் நம் நாட்டில் இருந்தது. வைட்டமின் டி கொழுப்பில் கரைந்து தங்கிவிடுவதால், மிஞ்சியது விரைவில் வெளியேறாது. ரத்தத்தில் கால்சியம் மேலே ஏறி, குழந்தை சாப்பிட மறுக்கும். வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்வு, எடை இழப்பு வரும். சிறுநீரகத்தில் கால்சியம் படிந்து நிலையான சேதம் ஏற்படலாம். ஒன்று முதல் மூன்று வயதுவரை எல்லா வழிகளிலும் சேர்த்து நாளொன்றுக்கு 2,500 யூனிட்டைத் தாண்டக்கூடாது என்பதே மருத்துவர் மேற்பார்வை இல்லாத நிலைக்கான உச்ச வரம்பு. நோய் உறுதியானால் மருத்துவர் இதைவிடக் கூடுதலாகக் கொடுப்பார்; அது காலவரையறையோடு, ரத்தத்தைச் சோதித்துக் கொடுப்பது.

எந்த அறிகுறியும் இல்லாத குழந்தைக்கு வெறுமனே வைட்டமின் டி அளவைப் பார்ப்பதையும் நான் ஊக்குவிப்பதில்லை; இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் அத்தகைய பொதுப் பரிசோதனையைப் பரிந்துரைக்கவில்லை. குழந்தைகளுக்கு ஒரு மில்லி ரத்தத்தில் 20 நானோகிராமுக்கு மேல் இருந்தால் போதுமானது. பல ஆய்வக அறிக்கைகளில் பெரியவர்களுக்குரிய 30 என்ற எல்லையை அச்சிட்டு, 24 உள்ள குழந்தைக்கும் ‘குறைவு’ என்று குறித்துவிடுகிறார்கள். அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துத்தான் பல வீடுகளில் பொடி வாங்கப்படுகிறது. வலிப்புக்கு நீண்ட நாள் மருந்து உண்பவர்கள், கல்லீரல், சிறுநீரக நோய் உள்ளவர்கள், தீராத வயிற்றுப்போக்கு உள்ளவர்கள், குறைமாதத்தில் பிறந்தவர்கள் ஆகியோருக்கு மட்டும் இந்தச் சோதனையை விட்டுவிடக்கூடாது.

உங்கள் மகனை இந்த வாரத்திலேயே ஒரு குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பிறந்தபோதிருந்த எடை, இதுவரை கொடுத்த எல்லாச் சொட்டு மருந்துகளின் புட்டிகள், அவன் ஒரு நாளில் குடிக்கும் பாலின் அளவு, வீட்டில் வேறு யாருக்கேனும் கால் வளைவோ குட்டையான உடலமைப்போ இருந்ததா என்ற விவரம் ஆகியவற்றோடு போனால் பாதி வேலை முடிந்துவிடும். இயல்பான வளைவுதான் என்று அவர் சொல்லிவிட்டால் எந்த மருந்தும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே சுவருக்கு முன்னால், கணுக்கால்கள் சேர்ந்திருக்க அவனை நிற்க வைத்துப் படம் எடுத்து வையுங்கள், உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ரிக்கெட்ஸ் என்று எக்ஸ்ரேயில் தெரிந்தால், இந்த வயதுக்கு வழக்கமான சிகிச்சை தினமும் 3,000 யூனிட்டிலிருந்து தொடங்கி மருத்துவர் முடிவு செய்யும் அளவு, அதோடு 500 மில்லிகிராம் கால்சியம், குறைந்தது மூன்று மாதம். மூன்றாம் மாத முடிவில் எலும்பு முனைகளில் ஆறும் அடையாளம் ஏதும் தெரியாவிட்டால், அளவைக் கூட்டச் சொல்லாதீர்கள். பாஸ்பேட்டையும் சிறுநீரகத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். மாமியாரிடம், வெயிலை விட வேண்டாம், ஏழு மணியைப் பத்து மணிக்கு மாற்றி, பிள்ளையை வெளியே ஓடவிடலாம் என்று சொல்லுங்கள்.